கொலு பொம்மைக்குப் பேரம் பேசுற மக்களே, ஒரு நிமிஷம்

ஆவணி பொறந்தா போதும். நான் காஞ்சிபுரத்துப் பக்கத்து ஆளுங்கறது சொந்தக்காரங்க, ஆபீஸ் மக்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஞாபகம் வந்துடும். "மச்சி, உங்க ஊர்ல கொலு பொம்மை அடிமாட்டு விலைக்குக் கிடைக்குமாமே, வரும்போது ஒரு கல்யாண செட் வாங்கிட்டு வாயேன்." பட்டுப் புடவைக்கு யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்ல. காஞ்சிப் பட்டுன்னா விலை இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ல, சின்ன காஞ்சிபுரத்துல, பொம்மைக்காரத் தெருன்னு பேரு வாங்கின தெரு ஒண்ணு இருக்கு. காகிதக் கூழ்லயும் களிமண்ணுலயும் தலைமுறை தலைமுறையா கொலு பொம்மை செய்யறாங்க. அந்தப் பொம்மைக்கு மட்டும் அடிமாட்டு விலை. என்னய்யா நியாயம் இது?

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா அரிப்பு. உனக்கு என்ன தகுதின்னு கேப்பீங்க. நான் பொம்மை செய்யற குடும்பம் கிடையாது. சொந்த ஊர் திருமுக்கூடல், படிச்சது இன்ஜினியரிங், பொழப்பு பொட்டி தட்டுறது. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல ரெசின்ல வார்த்த, ஒரு இன்ச் சொச்சம் உயரமுள்ள சிப்பாய்களை ஒட்டி, தேய்ச்சு, பெயிண்ட் அடிக்கறது என் பொழுதுபோக்கு. ஆறு வருஷமா இதைப் பண்ணிட்டு இருக்கேன். இந்த ஆறு வருஷத்துல எனக்கு உறைச்ச விஷயம் ஒண்ணுதான்: கொலு பொம்மைக்குன்னு நாம கொடுக்கற காசு மண்ணுக்கும், பேப்பருக்கும், பெயிண்ட்டுக்கும் சரியாப் போயிடுது. பொம்மை செஞ்ச கைக்கு அதுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல.

முதல்ல இந்த சிப்பாய் சமாச்சாரம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் முன்கதை. (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவலாம்.) மேஜை மேல படையை நிறுத்தி, ஸ்கேல் வெச்சு அளந்து நகர்த்தி, தாயம் உருட்டி சண்டை போடுற விளையாட்டு இது. மூலம் நம்ம ஊரு சதுரங்கம்தான்னு பெருமையாவே சொல்லிக்கலாம். அது பெர்சியா வழியா ஐரோப்பா போய் செஸ் ஆச்சு. 1780-ல ஹெல்விக்னு ஒரு ஜெர்மன்காரர் அந்தப் பலகையைப் பெருசாக்கி, மலை, ஆறு எல்லாம் சேர்த்துப் போர் விளையாட்டா மாத்தினார். 1824-ல பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கவே இந்த மாதிரி ஒரு ஆட்டத்தை எடுத்துக்கிச்சு. நாவல் எழுதின ஹெச்.ஜி.வெல்ஸ் 1913-ல பொம்மை சிப்பாய்களை வெச்சு ஆடறதுக்கு விதிமுறைப் புத்தகமே போட்டார். அப்புறம் 1975-ல ஆரம்பிச்ச கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 1983-ல வார்ஹாமரைக் கொண்டு வந்தது. இன்னிக்கு இந்தப் பொழுதுபோக்குன்னாலே பாதி பேருக்கு ஞாபகம் வர்றது அந்தப் பேருதான். ஈயத்துல ஆரம்பிச்சு, வெள்ளீயக் கலவை, பிளாஸ்டிக், ரெசின்னு வந்து, இப்ப வீட்டுலயே ரெசின் பிரிண்டர் வெச்சு அச்சடிக்கற காலம்.

இந்த சிப்பாய்கள் பெயிண்ட் அடிச்சு வர மாட்டாங்க. முழுசாக்கூட வர மாட்டாங்க! கை தனி, தலை தனி, ஈட்டி தனின்னு சாம்பல் கலர் துண்டுகளா ஒரு கவர்ல வரும். அதைத் தொறந்த உடனே பெயிண்ட் டப்பாவைத் தேடறவன் இந்தப் பொழுதுபோக்குல நிலைக்க மாட்டான். ஏன்னா பெயிண்ட்டுக்கு முன்னாடி இருக்கற வேலைதான் வேலை.

ரெசினை சிலிக்கான் அச்சுல ஊத்தி வார்ப்பாங்க. அச்சுல இருந்து லேசா வெளிய வரணுங்கறதுக்காக வழவழன்னு ஒரு எண்ணெய் மாதிரி பூசியிருப்பாங்க. அது பொம்மை மேலயும் ஒட்டிக்கிட்டு வரும். அதோட பெயிண்ட் அடிச்சா அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும், ஒரு மாசத்துல மூக்குல இருந்து தோல் உரியற மாதிரி உரியும். அதனால வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் தேய்க்கற சோப்பு, பழைய டூத் பிரஷ். ஒவ்வொரு துண்டையும் தேய்ச்சு, அலசி, காய விடணும். ஈட்டி மாதிரி மெல்லிசான துண்டுங்க வளைஞ்சு வந்திருக்கும். சுடுதண்ணியில போட்டா ரெசின் இளகிடும். நிமிர்த்தி, பிடிச்ச பிடியோட பச்சைத் தண்ணியில முக்கினா அப்படியே நின்னுடும். எங்கம்மா இதைப் பார்த்துட்டு "இடியாப்பம் பண்றியா?"ன்னு கேட்டாங்க :-)

அப்புறம் அச்சு சேர்ற இடத்துல வர்ற கோடு. ரெண்டு அச்சு சேர்ந்துதானே ஒரு உருவம்? அந்தச் சேர்க்கையில முடி கனத்துக்கு ஒரு விளிம்பு ஓடும். தோள்ல ஆரம்பிச்சு, இடுப்பு, தொடை, பாதம்னு போகும். கத்தி முனையால சுரண்டி, 400, 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு தேய்க்கணும். நனைக்கறது எதுக்குன்னா ரெசின் தூசி மூச்சுல போகக் கூடாது. முகமூடியும் கட்டாயம். நிறைய பேர் கொரோனாவுக்கு வாங்கின என்95 மீதி வெச்சிருப்பீங்க, அதை இதுக்குப் பயன்படுத்துங்க. வீட்டுல பிரிண்ட் பண்றவங்களுக்கு இன்னும் ஒரு படி ஜாக்கிரதை வேணும். இறுகாத ரெசின் தோல்ல பட்டா அலர்ஜி வரும், கையுறை இல்லாம தொடவே கூடாது. கழுவின ஆல்கஹாலையும் தண்ணியையும் வாஷ் பேசின்ல ஊத்தாதீங்க. ஒரு பாத்திரத்துல வெயில்ல வெச்சு, ரெசினை இறுக விட்டு, வடிகட்டி எடுத்து அப்புறப்படுத்துங்க. இறுகாத ரெசின் மீனுக்கும் மத்த நீர்வாழ் உயிருக்கும் விஷம். எங்க ஊர்ல பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் கழிவு பாலாத்தை என்ன பண்ணிச்சுன்னு 1996-ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கு. நம்ம பங்குக்கு வேற ஊத்த வேண்டாமே.

வார்ப்புல காத்துக் குமிழி விழுந்து குழி இருக்கும். 2011-ல கேம்ஸ் வொர்க்‌ஷாப் உலோகப் பொம்மைகளை ரெசினுக்கு மாத்தினப்ப, இந்தக் குமிழிங்களுக்காகவே உலகம் பூரா ரசிகர்கள் திட்டித் தீர்த்தாங்க. அதுக்கு வெளிநாட்டுல பச்சை கலர்ல ஒரு புட்டி விக்குது. நம்ம ஊருக்கு எம்-சீல் போதும் சாமி. ரெண்டு உருண்டையையும் பிசைஞ்சு, குழியில அப்பி, ஈர விரலால நீவி விட்டு, ராத்திரி பூரா விட்டுடணும். ஒட்டறதுக்கு ஃபெவிக்விக் மாதிரி பசைதான். பிளாஸ்டிக் மாடலுக்கு விக்கற சிமெண்ட் ரெசினைக் கரைக்காது, அதனால ஒட்டாது. கனமான துண்டா இருந்தா ஃபெவிக்விக் மட்டும் தாங்காது, கீழ விழுந்தா கை தனியா போயிடும். ரெண்டு பக்கமும் ஒரு மி.மீ. ஓட்டை போட்டு, உள்ள கம்பி சொருகி ஒட்டணும். நான் குண்டூசியை வெட்டி சொருகறேன்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகு பிரைமர். அதுவும் ஐப்பசி மழையில ஸ்ப்ரே பண்ணா காத்துல இருக்கற ஈரத்துக்கு மாவு தூவின மாதிரி சொரசொரன்னு உக்காரும், நல்ல வெயில் நாளாப் பார்க்கணும். பிரைமர் காஞ்சாத்தான் பெயிண்ட். கெட்டியா ஒரு பூச்சு பூசினா முகத்துல இருக்கற செதுக்கல் எல்லாம் மூடிடும், அதனால தண்ணியாக் கலக்கி ரெண்டு மூணு பூச்சு. மடிப்புல இருட்டு, மேட்டுல வெளிச்சம், கடைசியா கண்ணு. கண்ணு எவ்வளவு பெருசு? கடுகை நாலா வெட்டினா அதுல ஒண்ணு. ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, சுண்டு விரலைப் பொம்மை மேலயே ஊணி, ஒரு புள்ளி.

நான் சாப்ட்வேர்க்காரன், அளக்காம இருக்க முடியாது. எக்ஸெல் ஷீட் போட்டு வெச்சிருக்கேன். கழுவி சுத்தம் பண்ண முக்கால் மணி நேரம், தேய்க்க ஒரு மணி, குழி அடைச்சு ஒட்ட ஒரு மணி, பெயிண்ட் நாலரை மணி, அடிப்பலகைக்கு முக்கால் மணி. ஒரு சிப்பாய்க்குக் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். எம்-சீலும் பெயிண்ட்டும் காயற நேரம் கணக்குல இல்ல. பத்து பேரை வரிசையா நிறுத்தி ஒரே கலரை எல்லாருக்கும் அடிச்சுட்டே போனா ஆளுக்கு அஞ்சு மணிக்குக் கொண்டு வரலாம். அதுக்குக் கீழ நான் போனதில்ல.

இப்ப பொம்மைக்காரத் தெருவுக்கு வாங்க.

திருமுக்கூடல்ல இருந்து பாலாத்துப் பாலத்தைத் தாண்டினா பழையசீவரம், அங்கிருந்து வாலாஜாபாத் வழியா காஞ்சிபுரம். ஒரு சனிக்கிழமை எங்க பாட்டிக்கு உடைஞ்சு போன மீனாட்சிக்குப் பதிலா ஒண்ணு வாங்கப் போயிருந்தேன். ஒரு வீட்டு வாசல்ல ஒரு அம்மா உக்காந்து காகிதக் கூழ் பொம்மையைத் தேய்ச்சிட்டு இருந்தாங்க. கையில உப்புத்தாள். எங்க தேய்க்கறாங்கன்னு குனிஞ்சு பார்த்தா, தோள்ல இருந்து பாதம் வரைக்கும் ஓடற அதே கோடு! முன் பாதி ஒரு அச்சு, பின் பாதி ஒரு அச்சு, ரெண்டையும் சேர்த்து ஒட்டின இடம். எனக்குப் புல்லரிச்சிடுச்சு. பக்கத்துல பத்து பொம்மை வெள்ளைப் பூச்சு பூசி வரிசையா நிக்குது. அதான் அவங்க பிரைமர். இன்னொரு வரிசையில புடவைக்கு மட்டும் பச்சை அடிச்சு, முகம் இல்லாம நிக்குது. நான் இன்டர்நெட்ல ஆறு வருஷமா வெள்ளைக்காரன் வீடியோ பார்த்துப் பொறுக்கினது மொத்தமும் என் ஊர்ல இருந்து பஸ் தூரத்துல திண்ணையில நடக்குது.

"ஏம்மா, கண்ணு எப்ப வரைவீங்க?"

"அது கடேசில தம்பி. மத்ததெல்லாம் ஆருனா செய்வாங்கோ. கண்ணு நான்தான்."

அதே நேரம் சென்னையில இருந்து கார்ல வந்த ஒரு குடும்பம், செட் ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டு பேரம். பதினஞ்சு பொம்மை, சொன்ன விலை 1,500. "900-க்குக் கொடுங்க, ரெண்டு செட் எடுத்துக்கறோம்." 1,100-க்கு முடிஞ்சது. வெற்றி வீரர் மாதிரி காருக்குப் போனார் அந்த அண்ணன். கால்குலேட்டர் இல்லாமலே போடலாம்: பொம்மைக்கு 73 ரூபா. அதுல கூழ், அச்சுத் தேய்மானம், பெயிண்ட், வைக்கோலும் அட்டைப் பெட்டியும், வழியில உடையறது, மழையில காயாம வீணாப் போறது எல்லாம் அடக்கம். மீதி இருக்கறதுதான் சுரண்டி, தேய்ச்சு, பூசி, கண்ணு வரைஞ்சதுக்குக் கூலி. நம்ம அண்ணன் ஊருக்குப் போற வழியில ஒரு ஹைவே ஹோட்டல்ல காபிக்கு அதைவிட அதிகமா, மறுபேச்சு பேசாமக் கொடுத்திருப்பார்.

இதுக்கு வர்ற பதில்கள் எனக்கு மனப்பாடம். வீட்டுலயே இதை வெச்சு பட்டிமன்றம் நடந்திருக்கு.

முதல் பதில்: "அவங்களே பேரத்துக்குன்னு ஏத்தித்தான் சொல்றாங்க." ஆமா, சொல்றாங்க. நாம குறைப்போம்னு தெரிஞ்சுதான் ஏத்தறாங்க. ஆனா எங்கயிருந்து ஏத்தறாங்கங்கறதுதான் கேள்வி. கூலியைச் சரியாப் போட்டு அது மேல ஏத்தியிருந்தா நாம குறைச்சாலும் பாதகமில்ல. 1,500-லயே கூலி நிக்கலைன்னா, நாம குறைக்கற 400 எங்கேருந்து போகுது?

ரெண்டாவது பதில் எங்க சித்தப்பா சொன்னது. கொஞ்சம் கனமானது. "உனக்கு அது பொழுதுபோக்குடா. உருட்டி உருட்டி எட்டு மணி நேரம் பண்ணுவ. அவங்க தொழிலா பண்றவங்க, கை பழகிடுச்சு, மணிக்கு பத்து முடிப்பாங்க. உன் கணக்கை அவங்க மேல போடாதே." இது பாதி சரி. அவங்க வேகம் எனக்கு ஏழு ஜென்மத்துலயும் வராது. ஆனா வேகம்ங்கறது சும்மா வந்ததா? இருபது வருஷம் கண்ணையும் முதுகையும் அதுக்குக் கொடுத்திருக்காங்க. நம்ம தொழிலையே எடுத்துக்குங்க. மூணு நாள் வேலையை மூணு மணி நேரத்துல முடிக்கற சீனியருக்கு ஃபிரெஷரைவிடச் சம்பளம் ஜாஸ்தியா, கம்மியா? பொம்மைக்காரங்க வேகமா பண்றாங்கங்கறதுக்காக விலையைக் குறைக்கற ஒரே ஜாதி நாமதான்.

மூணாவது, "இப்பல்லாம் பொம்மையில நேர்த்தியே இல்லப்பா, கண்ணு ஒண்ணு கிழக்கப் பாக்குது, ஒண்ணு மேற்கப் பாக்குது, இதுக்குப் போய் முழு விலையா?" இதை நான் மறுக்கப் போறதில்ல. ஸ்ப்ரே கன்ல ஒரே அடியா அடிச்சு, சேர்ப்புக் கோட்டைக்கூடத் தேய்க்காம வர்ற பொம்மைங்களை மைலாப்பூர் மாட வீதியில நானும் பார்த்திருக்கேன். ஆனா அந்த மாறுகண்ணு எப்படி வந்ததுன்னு யோசிங்க. 73 ரூபா பொம்மைக்கு ஒருத்தர் எத்தனை நிமிஷம் கண்ணு வரைய முடியும்? நாம கேட்ட விலைக்குத்தான் அந்தக் கண்ணு வரைஞ்சிருக்கு. நல்லா வரையத் தெரிஞ்ச கையும், அந்த விலைக்கு வரையணும்னா அப்படித்தான் வரையும்.

பட்டுல மட்டும் எப்படி நமக்கு இந்த விவரம் இருக்குன்னு பாருங்க. புடவை எடுக்கப் போனா எங்க பாட்டி முந்தானையைப் பார்க்கறதுக்கு முன்னாடி புடவையைத் திருப்புவாங்க. கரையும் உடலும் சேர்ற கோர்வையை விரலால தடவிப் பார்ப்பாங்க. கோர்வைக்கு ரெண்டு ஆள் வேணும், நாள் பிடிக்கும், அதனால விலை ஜாஸ்திங்கறது அவங்களுக்கு அத்துப்படி. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு, கூட்டுறவு சங்கங்கள் இருக்கு, ஒட்டியிருக்கற சீட்டுல விலை இருக்கு. (நெசவாளருக்கு அதுல எவ்வளவு போய்ச் சேருதுங்கறது தனிப் பதிவு போடற அளவுக்கு வயித்தெரிச்சல். இப்ப வேண்டாம்.) அதே பாட்டி கொலு பொம்மையை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்ல. கொலுப்படியில முதுகு சுவத்தைப் பார்த்துதானே நிக்கப் போகுது! திருப்பிப் பார்த்தா சேர்ப்புக் கோடு தெரியும், தேய்ச்ச கை தெரியும், தேய்க்காத கையும் தெரியும்.

வெளிநாட்டுல இந்த சிப்பாய் உலகத்துல ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. பெயிண்ட் அடிக்கறவங்களுக்குப் பேரு இருக்கு. 1987-ல இருந்து கோல்டன் டீமன்னு ஒரு வண்ணம் பூசற போட்டி நடக்குது. பரிசு பெயிண்ட் அடிச்ச ஆளுக்கு. அதுல ஜெயிச்சவங்களோட பாணியைப் பார்த்து மத்தவங்க கத்துக்கறாங்க. நேரம் இல்லாதவங்களுக்குக் கூலிக்குப் பெயிண்ட் அடிச்சுத் தர்றவங்களும் இருக்காங்க. விலைப்பட்டியல் படிப்படியா இருக்கும்: மூணடி தூரத்துல இருந்து பார்க்க நல்லா இருந்தா போதும்னா ஒரு விலை, கண்ணாடிப் பெட்டியில வைக்கற மாதிரின்னா அதுக்கு பல மடங்கு. வாங்கறவனும் தெரிஞ்சு வாங்கறான், செய்யறவனும் கொடுத்த காசுக்கேத்த நேரத்தை எடுத்துக்கறான்.

நம்ம கொலுப் போட்டியை நினைச்சுப் பாருங்க. அபார்ட்மெண்ட்ல, சபாவுல, பத்திரிகையில எல்லாம் நடக்குது. குக்கரும் ஹாட்பாக்ஸும் பரிசு. யாருக்கு? அடுக்கினவங்களுக்கு! அடுக்கறதும் கலைதான், எங்கம்மா ஒன்பது படி அடுக்கறதைப் பார்த்தவன், குறைச்சுப் பேச மாட்டேன். (என் ஓர்க் ஒருத்தனையும் போன வருஷம் கடைசிப் படியில செட்டியார் கடைக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்க. அரிசி வாங்க வந்தவன் மாதிரியே இருந்தான்.) ஆனா அந்த தசாவதாரத்துக்கு யார் கண்ணு வரைஞ்சாங்கன்னு எந்த நடுவரும் கேட்டதில்ல. வீட்டுக்காரங்களுக்கும் தெரியாது. "மைலாப்பூர்ல வாங்கினது", "பண்ருட்டிப் பொம்மை" அவ்வளவுதான்.

எங்க ஊர்ல அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கு. பொங்கல் சமயத்துல பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரத்துக்கும் எங்க ஊருக்கும் வர்றதால நிறைய பேருக்குத் தெரிஞ்ச கோயில். அந்தச் சுவத்துல வீரராஜேந்திர சோழனோட கல்வெட்டு ஒண்ணு, 11-ஆம் நூற்றாண்டு, நீளமோ நீளம். கோயில்ல வேதம் படிக்கற பசங்களுக்குப் பள்ளி, விடுதி, 15 படுக்கையோட ஒரு ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி நடந்த கணக்கு அது. டூரிஸ்ட்டுக்கு எல்லாரும் அந்த 15 படுக்கையையும் மருந்துப் பட்டியலையும்தான் காட்டுவாங்க. எனக்குப் பிடிச்சது அதுல இருக்கற சம்பளப் பட்டியல். வைத்தியருக்கு இவ்வளவு நெல்லு, அறுவை பண்றவருக்கு இவ்வளவு, மூலிகை பறிச்சுட்டு வர்றவங்களுக்கு, நோயாளியைப் பார்த்துக்கற பெண்களுக்கு, நாவிதருக்குன்னு தனித்தனியா கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. மருந்து இவ்வளவு வாங்கினோம்னு மட்டும் எழுதிட்டு விட்டிருக்கலாம். விடல. பறிச்ச கைக்கும் ஒரு வரி போட்டிருக்கான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவனுக்குத் தெரிஞ்சது கார்ல வந்த அண்ணனுக்குத் தெரியல.

சரி, என்னதான்டா பண்ணச் சொல்றன்னு கேக்கறீங்க. பேரமே பேசாதீங்கன்னு சொன்னா கேக்கற ஆளுங்க இல்ல நாம, எனக்குத் தெரியும். கத்தரிக்காய்க்குக் கொசுறு கேட்டு வளர்ந்த ரத்தம். அதனால பேரத்தை வேற பக்கம் திருப்புங்கன்னு சொல்றேன். "விலையைக் குறைங்க"ன்னு கேக்கற இடத்துல, "இதே பொம்மையை இன்னும் நல்லா கண்ணு வரைஞ்சு, பின்பக்கமும் தேய்ச்சுத் தந்தா எவ்வளவு?"ன்னு கேளுங்க. ஒரே அச்சு, ரெண்டு தரம், ரெண்டு விலை. நான் அந்த அம்மாகிட்ட கேட்டேன். ஒரு நிமிஷம் என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க, இவன் விளையாடறானோன்னு. அப்புறம், "ஆவணிலயே சொல்லிடணும் தம்பி. நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கசொல்ல வந்து கேட்டா ஆவாது"ன்னாங்க. பாட்டியோட மீனாட்சிக்கு சாதா விலையைவிட ஒண்ணரை மடங்கு கொடுத்தேன். மூணு வாரம் கழிச்சு வாங்கினப்ப, பச்சைப் புடவையில மடிப்புக்கு மடிப்பு இருட்டும் வெளிச்சமும் போட்டிருந்தாங்க. எந்த வீடியோவும் பார்க்காம! கிளியோட கண்ணுலகூட ஒரு வெள்ளைப் புள்ளி.

சீசனுக்கு முன்னாடி கேக்கறதுல இன்னொரு நியாயமும் இருக்கு. வேலை வருஷத்துல பெரும்பாலான மாசம் நடக்குது, காசு நவராத்திரியை ஒட்டின கொஞ்ச வாரத்துலதான் வருது. நடுவுல கூழுக்கும் பெயிண்ட்டுக்கும் கடன் வாங்கித்தான் ஓட்டணும். ஆடியில பாதி அட்வான்ஸ் கொடுத்து ஆர்டர் சொன்னா அந்தக் கடன்ல கொஞ்சம் குறையும், வெயில்ல நல்லா காயவும் நேரம் கிடைக்கும். கொலுப் போட்டி நடத்தற கமிட்டி மக்கள் யாராவது இதைப் படிச்சா, மார்க் ஷீட்ல ஒரு காலம் சேருங்க: 'இந்தப் பொம்மை யார் செஞ்சது?' பதில் சொல்லத் தெரிஞ்ச வீட்டுக்குப் பத்து மார்க். ஒரே வருஷத்துல எல்லார் வீட்டுலயும் பேரு விசாரிச்சு வெச்சிருப்பாங்க, நம்ம ஆளுங்க மார்க்குக்கு என்ன வேணா செய்வாங்க.

அரசாங்கத்தை நம்பி உக்காந்திருக்க முடியாதுங்கறதுக்கும் ஒரு வார்த்தை. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காப்பாத்தன்னு 2020-ல வெளிநாட்டுப் பொம்மைக்கு அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க, 2023-ல 70 ஆக்கினாங்க. என் சிப்பாய்ப் பெட்டி பொம்மைங்கற பேர்ல வந்து இறங்கினா எனக்குப் பர்ஸ் கிழியும். சரி, உள்ளூர் கைக்குத்தானே போகுதுன்னு மனசைத் தேத்திக்கலாம்னு பார்த்தா, காகிதக் கூழ் மீனாட்சிக்கும் ஓர்க்குக்கும் என்னய்யா போட்டி? ஓர்க் கிடைக்கலைன்னு யாராவது மீனாட்சி வாங்கப் போறாங்களா? அவங்களுக்குப் போட்டி கார்ல வர்ற அண்ணனோட 900 ரூபாதான்.

இந்த வருஷம் நான் அந்த அம்மாகிட்ட செட்டியார் கடை செட் சொல்லியிருக்கேன், செட்டியார், ஆச்சி, தானிய மூட்டை எல்லாம் சேர்த்து. வெள்ளைப் பூச்சோட நிறுத்தி ஒரே ஒரு பொம்மையை எனக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கறீங்களான்னும் கேட்டுப் பார்த்தேன். "அடிச்சிட்டு எட்தாந்து காட்டு, பாக்கலாம்"னு சிரிச்சாங்க. ஆச்சியைக் கொடுத்திருக்காங்க. இப்போதைக்குப் புடவை முடிஞ்சிருக்கு. கண்ணு இன்னும் வைக்கல.

பி.கு.: கூழ் பொம்மைக்கும் ரெசினுக்கு அடிக்கற அதே அக்ரிலிக் பெயிண்ட் போகுமான்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். வெள்ளைப் பூச்சு நல்லா காஞ்சிருந்தா போகும். ஆனா தண்ணி ரொம்பக் கலக்காதீங்க, கூழ் உறிஞ்சி உப்பிடும்.